நாற்பதுக்குக் கீழே

அத்தியாயம் 17

மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம். தூக்கம் போவது கடிதத்தில் பெயர் வந்தவர்களுக்குத்தான்.

ஜெயசீலிக்குத் தூக்கம் போய் ஐந்து நாள் ஆகிறது. 'ஜெயசீலி டீச்சர் தன் மகளுக்கு மார்க்கை அள்ளி விடுகிறாள்' என்று யாரோ மதர் பவுலினாவுக்கு எழுதிப் போட்டதையும், அந்தக் கொதிப்போடேயே அவள் கணக்குத் தாள் திருத்த உட்கார்ந்ததையும் போன வாரம் பார்த்தோம். பதினேழாம் எண் தாளைப் புரட்டியதுமே அது தன் மகள் தபீதாளுடையது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்தும் திருத்தினாள். முப்பத்தேழு போட்டு அடியில் கோடும் இழுத்தாள்.

பள்ளிக்கூடத்துச் சட்டத்தை ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். கிழக்குத் தாம்பரம் புனித மோனிக்கம்மாள் ஆரம்பப் பள்ளியில் தலைமையாசிரியை மதர் பவுலினா வைத்ததுதான் சட்டம். சர்க்கார் பள்ளியில் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ், இங்கே நாற்பது. கணக்கிலோ தமிழிலோ நாற்பதுக்குக் கீழே போனால் மறுபடி அதே வகுப்பு. அதே வகுப்பில் இரண்டாம் வருஷமும் கீழே போனால் டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாம் வகுப்பில் 'ஏ' பிரிவு ஜெயசீலிக்கு; தபீதாள் படிக்கிற 'பி' பிரிவு நாகலக்ஷ்மி டீச்சருக்கு. இவள் பிரிவுத் தாளை அவள் திருத்த வேண்டும், அவள் பிரிவுத் தாளை இவள். பெயருக்கு மேல் நீலக் காகிதத் துண்டு ஒட்டி, எண் மட்டும் போட்டு வரும். யாருடைய தாள் என்று தெரிந்துவிட்டால் உடனே மதரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ஜெயசீலி கொடுக்கவில்லை. நேர்மையிலும் ஒரு வீம்பு உண்டு பாருங்கள். 'என் மகளை நானே பெயிலாக்கிக் காட்டுகிறேன், அப்புறம் எவள் கடிதம் எழுதுகிறாள் பார்க்கிறேன்' என்கிற வீம்பு. ஜூன் மாதம் அவளுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்கு மதர் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் மனசின் ஒரு மூலையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ரிசல்ட் நாள்.

தெருக்குழாயில் இரண்டு குடம் பிடித்துக்கொண்டு அவள் உள்ளே வரவும், ரயில்வே கேபினில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு அவள் புருஷன் சாலமோன் சைக்கிளைச் சாத்தவும் சரியாக இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, ராத்திரி முழுக்க இதையே நினைத்துக்கொண்டுதான் ரயில்களை அனுப்பியிருக்கிறான்.

"இன்னிக்குத்தானே?"

"மூணு மணிக்கு."

"மூணு மார்க்குதான் குறையுது. நீ மனசு வச்சிருக்கலாம், சீலி."

"ஆரம்பிக்காதீங்க."

"ஜனவரியில மூணு வாரம் அம்மை போட்டுப் படுத்திருந்த குழந்தை. வேற டீச்சரா இருந்தாக்கூட அதுக்கு ரெண்டு மார்க் பாத்துப் போட்டிருப்பா. நீ பெத்தவ."

ஜெயசீலி குடங்களை இறக்கி வைத்தாள். ஐந்து நாளாக இதே பேச்சு. பேசிப் பேசி இரண்டு பேருக்குமே அலுத்துவிட்டது. உள்ளே தபீதாள் தலைவாரிக்கொள்ள ரிப்பனை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பின்னல் போடும்போது அந்தப் பிஞ்சுக் கழுத்தைப் பார்க்க ஜெயசீலிக்கு மனசு கேட்கவில்லை. சீக்கிரம் முடித்து முடிச்சுப் போட்டாள்.

பத்து மணிக்கு ஆசிரியைகளின் அறையில் எல்லாரும் கூடினார்கள். மேஜையில் ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு பழந்துணி, தாள் கட்டுகள். துண்டு பிரிப்பது எப்போதுமே மதர்தான். ஈரத்துணியை நீலக் காகிதத்தின் மேல் ஒற்றி, ஓரத்தை நகத்தால் கிளப்பி, அடியிலிருக்கும் பெயரை வாசிப்பார்கள். திருத்தியவர் மார்க்கைச் சொல்ல, வகுப்பு டீச்சர் ரிஜிஸ்தரில் எழுதிக்கொள்ள வேண்டும். அறுபது வயசுக்கு மேலே ஆன மனுஷி, வீங்கிய கால்களை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகச் செய்தார்கள்.

"பதினேழு?"

"முப்பத்தேழு, மதர்." ஜெயசீலியின் குரல் நடுங்கவில்லை. அதற்காகத்தான் காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதர் துண்டைக் கிளப்பினார்கள். "ஜஹானாரா."

நாகலக்ஷ்மி பேனாவை நிறுத்தி, "அடப் பாவமே, போன வருஷமும் இதே கணக்குலதான் பெயிலானா அவ" என்றாள். பிறகு எழுதிக்கொண்டாள்.

இன்னும் பதிமூன்று தாள் போயிற்று. ஜெயசீலி தாளிலிருந்த எண்ணைச் சரியாகத்தான் சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

"முப்பத்தொண்ணு?"

"நாற்பத்தாறு."

"தபீதாள்."

முதலில் வந்தது சந்தோஷம்தான். பொய் சொல்வானேன். வெட்கமில்லாத சந்தோஷம். என் மகள் பாஸ்! அந்தச் சந்தோஷம் நாலு தாள் போகிறவரை இருந்தது. அதற்கப்புறம் அவள் கை தானாக நீண்டு பதினேழாம் எண் தாளை எடுத்துப் பார்த்தது.

தையல்காரர் ஹிதாயத்துல்லாவின் மகள் ஜஹானாரா தினம் சாயங்காலம் ஜெயசீலி வீட்டுக்குத்தான் படிக்க வருவாள். அவளுக்கும் தபீதாளுக்கும் எழுத்துப் பழக்கியது ஜெயசீலி. ஏழுக்கு நடுவில் ஒரு கோடு, நாலுக்கு மேலே மூடாமல் விடுவது, எல்லாம் இரண்டு பேருக்கும் ஒரே கை. பி பிரிவில் இந்தக் கை இரண்டே தாளில்தான் இருந்தது. ஒரு தாளின் தலைப்பில் சின்னதாக ஒரு சிலுவை போட்டிருந்தது. இன்னொன்றில் இல்லை. கிறிஸ்தவக் குழந்தைகள் எழுத ஆரம்பிக்குமுன் தலைப்பில் சிலுவை போடுவது அந்தப் பள்ளி வழக்கம். சிலுவை போட்டது தபீதாள், போடாதது ஜஹானாரா. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அப்படித்தான் ஜெயசீலி நினைத்தாள்.

சிலுவை போட்டது ஜஹானாரா.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. விடை தப்பானாலும் செய்முறை சரியாக இருந்தால் அதற்கு மார்க் போடலாம். அது திருத்துகிறவர் இஷ்டம். மகளுடையது என்று நினைத்த தாளில் அவள் செய்முறைக்கு ஒரு மார்க் கூடப் போடவில்லை. கிலோ என்று எழுத விட்டுப்போன இடத்திலெல்லாம் அரை அரையாக வெட்டினாள். இன்னொரு தாளை எடுத்ததும், 'ஐயோ, ஜஹானாரா இந்த வருஷமும் போனால் டி.சி. ஆயிற்றே' என்று கண்ட கண்ட இடத்திலெல்லாம் செய்முறைக்குப் போட்டாள். அந்தத் தாள்தான் தபீதாளுடையது.

யாரோ மொட்டைக் கடிதத்தில் எழுதியது இப்போது நிஜமாகிவிட்டது.

மத்தியான இடைவேளைக்கு அவள் வெளியே வந்தபோது கேட் பக்கத்தில் ஷம்சாத் நின்றிருந்தாள். ஜஹானாராவின் அம்மா. மூன்று மணி ரிசல்ட்டுக்குப் பன்னிரண்டரைக்கே வந்து, வெயிலில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள்.

"டீச்சரம்மா, இன்னா ஆச்சி? சொல்லக் கூடாதுன்னா வாணாம். கண்ணால காட்டினா போதும்."

"மூணு மணிக்குத்தான் சொல்லுவாங்க, ஷம்சாத்தம்மா. வெயில்ல ஏன் நிக்கிறீங்க?"

"வூட்ல இருந்தா பேஜாரா கீது. அவுரு ஒரே பேச்சா சொல்ட்டாரு. இந்தத் தபாவும் பெயிலானா போதும், பொண்ணு கடைக்கி வந்து பட்டன் தெச்சிகினு இருக்கட்டும்னு. எனக்குத்தான் எயுத்து இல்லாம பூட்டுது. அதுக்காவது..." அவள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நீங்க சொல்லிக் குடுத்துருக்கீங்க. தாயி மாதிரி. பாஸாயிடும், இல்ல?"

ஜெயசீலி, "நிழல்ல உக்காருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். ஓடினாள் என்றே சொல்ல வேண்டும்.

வீட்டில் தபீதாள் அப்பாவுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். ரிசல்ட் நாளில் குழந்தைகள் மூன்று மணிக்கு வந்தால் போதும்.

"தபீ, இங்க வா. கணக்குப் பரீட்சையில நீ சிலுவை போடலயா?"

குழந்தை விழித்தாள். "மறந்துட்டேன்மா. ஜஹானாரா அழுதுகிட்டே இருந்தா. இத போட்டா பயம் வராதுடின்னு அவளுக்கு எப்படிப் போடறதுன்னு காட்டினேன். அதுக்குள்ள பெல் அடிச்சிட்டாங்க. தப்பாம்மா?"

"தப்பில்ல" என்றாள் ஜெயசீலி. "போய்க் குழாயில தண்ணி வருதா பாரு."

குழந்தை போனதும் சாலமோனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் எழுந்து உட்கார்ந்தான். பாதிக் கதையில் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ தபீ பாஸ்?"

"நான் சொன்ன மீதி காதுல விழலயா உங்களுக்கு?"

"விழுந்துது, விழுந்துது. தபீ பாஸா இல்லையா?"

"இப்போதைக்கு பாஸ்."

"அது என்ன இப்போதைக்கு?" அவனுக்குப் புரிந்துவிட்டது. "சீலி, நீ மதர்கிட்ட போய்ச் சொல்லப் போற. அப்படித்தானே?"

"அந்தக் குழந்தைக்கு டி.சி. குடுத்துடுவாங்க. அவ தாள்ல நான் செஞ்சது அநியாயம்."

"அந்தத் தாளைப் பிரிச்சா இதையும் பிரிப்பாங்க. இதுல நீ அள்ளிப் போட்டிருக்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஜூன்ல உன் வேலை?"

"அதுவும் தெரியும்."

சாலமோன் கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தான். பிறகு அவனுக்கு ஒரு வழி தோன்றியது. கல்யாணத்துக்காகக் கத்தோலிக்கன் ஆனவன் அவன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஒழுங்காக வருவான். பத்து வருஷமாக, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத் தொட்டிப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுத்ததில்லை. அப்படிப்பட்டவன் சொன்னான்:

"நாளைக்கு சனிக்கிழமை. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடு. அவரு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. மனசும் லேசாயிடும். அவ்வளவுதானே?"

ஜெயசீலிக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. "சாமியார்கிட்ட சொன்னா என் பாவம் போகும்ங்க. அவ மார்க்கு வராதே."

"உலகத்துல இருக்கிற குழந்தைக்கெல்லாம் நீ அம்மாவா? உள்ளதே ஒண்ணு."

அவன் சொன்னதில் தப்பு இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, கஞ்சியைத் தொடாமல் அவள் செருப்பை மாட்டினாள். அவள் தெருமுனை திரும்பியபின் தபீதாள் குழாயடியிலிருந்து வந்தாள். சாலமோன் மகளைத் தூக்கிச் சுற்றினான். "நீ பாஸுடா கண்ணு! நாற்பத்தாறு!" என்றான். தன் மனைவி போகிற வழியில் மனசு மாறிவிடுவாள் என்று அவன் நம்பினான்.

அவள் மனசு மாறத்தான் பார்த்தது. லெவல் கிராஸிங்கில் கேட் போட்டிருந்தது. மின்சார ரயில் போகிறவரை நின்றபோது, சும்மா இருந்துவிட்டால் என்ன என்று இரண்டு தரம் தோன்றியது. யாருக்கும் தெரியாது. நாளடைவில் தனக்கே மறந்துகூடப் போகும். ஆனால் திங்கட்கிழமை சாயங்காலம் ஜஹானாரா பலகையைத் தூக்கிக்கொண்டு படிக்க வந்தால் அவளை உட்கார வைத்து எதைச் சொல்லிக் கொடுப்பது? கேட் திறந்தது. அவள் நடந்தாள்.

மதர் அறையில் கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே சொன்னாள். மதர் பவுலினா கடைசிவரை கேட்டுக்கொண்டார்கள். ஜன்னலுக்கு வெளியே குழந்தைகள் வர ஆரம்பித்த சத்தம் கேட்டது.

"யார் தாள்னு தெரிஞ்சும் திருப்பிக் குடுக்கல."

"தெரியும்னு நினைச்சேன், மதர். ஆமா. குடுக்கல."

"மகள்னு நினைச்சுக் குறைச்சீங்க. பாவம்னு நினைச்சுக் கூட்டினீங்க. மொத்தத்துல ரெண்டு தாளையும் நீங்க திருத்தவே இல்ல, டீச்சர்."

"இல்ல, மதர்."

"இந்த நாற்பது, டி.சி. எல்லாம் நான் ஏன் வச்சேன் தெரியுமா? நாம சலுகை குடுத்து மேல ஏத்தி விடற குழந்தை அஞ்சாம் வகுப்புல போய்ப் பேந்தப் பேந்த முழிக்கக் கூடாதுன்னுதான். துரத்தறதுக்கு இல்ல." மதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்களை அழுத்திக்கொண்டார்கள். கோபத்தைவிட அசதிதான் அதிகம் தெரிந்தது. "மத்த தாள்?"

"மத்தது யாருதுன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா."

நாகலக்ஷ்மியைக் கூப்பிட்டார்கள். இரண்டு தாளையும், சரியான விடைகள் எழுதிய வெள்ளைக் காகிதத்தோடு சேர்த்துக் கொடுத்து, இரண்டுக்கும் ஒரே கண்ணோடு மறுபடி திருத்தச் சொன்னார்கள். அவள் எதிர் மேஜையில் உட்கார்ந்து திருத்திய இருபது நிமிஷமும் ஜெயசீலி நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னது காதில் விழவில்லை.

நாகலக்ஷ்மி முதல் தாளை நீட்டினாள். "பதினேழு. நாற்பத்தஞ்சு."

ஜெயசீலி மூச்சு விட்டாள். இன்னொரு தாள் வரவில்லை. நாகலக்ஷ்மி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தபீதாள் அவள் வகுப்புக் குழந்தை. அவளுக்கும் பிரியம் உண்டு.

"செய்முறைக்கு எவ்வளவு குடுக்க முடியுமோ குடுத்துட்டேன், மதர். முப்பத்தாறுக்கு மேல வரல."

மதர் சிவப்பு மையால் ரிஜிஸ்தரில் இரண்டு எண்களையும் அடித்து, பக்கத்தில் புதிசை எழுதி, கையெழுத்துப் போட்டார்கள்.

"டீச்சர், உங்க நிரந்தர உத்தரவு என் மேஜை டிராயர்ல இருக்கு. இன்னும் கையெழுத்துப் போடல. திங்கட்கிழமை காலையில வாங்க, பேசணும்."

"சரி, மதர்."

"பி பிரிவு லிஸ்ட்டை நீங்க வாசிக்கணும்னு வழக்கம். இன்னிக்கு வேணாம். நாகலக்ஷ்மி வாசிக்கட்டும்."

"நானே வாசிக்கிறேன், மதர்."

இந்தத் தரம் அது வீம்பு இல்லை. வேறொருத்தி வாயால் அந்தக் குழந்தை அதைக் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு மணி அடித்தது. முற்றத்தில் வேப்பமரத்தடியில் குழந்தைகள் வரிசை. பாஸான பெயர்களை மட்டும்தான் அங்கே வாசிப்பார்கள். பெயர் கேட்டவள் ஓடிப்போய் நாலாம் வகுப்பு வரிசையில் நின்றுகொள்ள வேண்டும். பெயர் வராதவர்கள் அங்கேயே நிற்பார்கள். வேலிக்கு வெளியே தாய்மார்கள்.

ஜெயசீலி காகிதத்தைப் பிரித்தாள். ஆக்னஸ் மேரி. எமிலி. கஸ்தூரி. கிளியம்மாள். எமிலி. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கவுன் பறந்து எதிர்வரிசைக்குப் போயிற்று.

"ஜஹானாரா."

அந்தக் குழந்தை அசையவில்லை. தன் பெயரை யாரோ தப்பாகக் கூப்பிட்டுவிட்டதைப் போல மிரண்டு நின்றாள். பக்கத்திலிருந்த தபீதாள்தான், "போடி, போடி, உன்னைத்தான்!" என்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டாள். வேலிக்கு வெளியே ஷம்சாத் இரண்டு கையையும் முகத்துக்குத் தூக்கினாள். சத்தமில்லாமல் அழுதாள்.

வரிசைப்படி அடுத்த பெயர் தபீதாள். குழந்தைக்கு அது தெரியும். பெயர் வருமுன்பே ஒரு காலை முன்னே எடுத்து வைத்து, சிரித்துக்கொண்டு தயாராக நின்றாள்.

"தெரசா" என்று வாசித்தாள் ஜெயசீலி.

அதற்கு மேல் அவள் நிமிரவில்லை. கடைசிப் பெயர் வரைக்கும் காகிதத்தைப் பார்த்தே வாசித்தாள். முடித்து மடித்தபோது மூன்றாம் வகுப்பு வரிசையில் நாலு பேர் மிச்சம் இருந்தார்கள். மூன்று பேர் அழுதுகொண்டிருந்தார்கள். நாலாவது ஆள் வரிசையை விட்டு நேராக அவளிடம் வந்தாள்.

"டீச்சர், என் பேர விட்டுட்டீங்க."

பள்ளிக்குள் அம்மா என்று கூப்பிடக் கூடாது என்று முதல் வகுப்பில் சேர்த்த அன்று சொன்னது. மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட அவள் தவறினதில்லை.

ஜெயசீலி குனிந்தாள். "விடல, தபீ. சரியாத்தான் வாசிச்சேன்."

குழந்தை அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். கோபமோ அழுகையோ இல்லை. கணக்கு வராதபோது பார்க்கிற அதே பார்வை.

"அப்பா என்னைத் தூக்கி, பாஸுன்னு சொன்னாங்களே?"

ஜெயசீலி வாயைத் திறந்தாள். அப்போது குழந்தையின் தலைக்கு மேலே, கேட்டுக்கு வெளியே, சாலமோன் சைக்கிளை நிறுத்துவது தெரிந்தது. தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருந்தான். கையில் ஒரு லட்டுப் பொட்டலம். பியூனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே அவன் உள்ளே வந்துகொண்டிருந்தான்.